திருகோணமலை போன்ற ஒரு நகரத்தில் உள்ளூராட்சி சபையின் வாகனங்களை மின்சார வாகனங்களாக மாற்றுவது நடைமுறைக்குச் சரிவருமா?

சரிவரும். ஆனால், நீங்கள் மனதில் வைத்திருக்கும் வாகனத்திலிருந்து தொடங்கினால் சரிவராது.

சீனாவின் ஷென்சென் நகரம் 2017ஆம் ஆண்டின் முடிவுக்குள் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியதை எடுத்துக்காட்டி, நமது சபை முதற்கட்டமாகத் தலைவருக்கும் செயலாளருக்கும் மின்சாரக் கார் வாங்கி ஏன் முன்மாதிரி காட்டக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், நீங்கள் அண்மையில் தெரிவான ஓர் உறுப்பினராக, அல்லது அப்படியொருவருக்குப் பிரேரணை எழுதிக் கொடுப்பவராக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இந்த மாவட்டத்தின் உள்ளூராட்சி சபையொன்றில் நீண்ட காலம் வாகனப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றவன். எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. என்னுடன் வேலை செய்தவர்களில் பலர் இன்னமும் அங்கேதான் கையொப்பம் இடுகிறார்கள்.

தலைவரின் வாகனம் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஒரு கூட்டத்துக்காகக் கொழும்புக்கு அழைத்தால், ஏ6 வீதியால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஒரே ஓட்டமாகப் போய், பெரும்பாலும் அன்றிரவே திரும்ப வேண்டும். மின்சார வாகனத்துக்குக் கொடுக்கக்கூடிய வேலைகளில் மிகக் கடினமானது அதுதான். குப்பை ஏற்றும் வண்டியின் வேலை இதற்கு நேர்மாறானது. திருகோணமலை நகரை எடுத்துக்கொண்டால், விடியற்காலையில் புறப்பட்டு, மத்திய வீதியையும் ஏகாம்பரம் வீதியையும் அவற்றை வெட்டும் ஒழுங்கைகளையும் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து, வாசலுக்கு வாசல் நின்று, வெயில் ஏறுவதற்குள் முற்றத்துக்குத் திரும்பிவிட வேண்டிய வேலை அது. டீசல் இயந்திரம் அப்படி நிற்கும் ஒவ்வொரு கணமும் எரிபொருளைக் குடித்துக்கொண்டேதான் நிற்கும். கிளட்ச் தட்டும் பிரேக் பட்டையும் தேய்வதும் அந்த ஊர்ந்து நிற்கும் ஓட்டத்தில்தான். மின்மோட்டார் நிற்கும்போது எதையும் எடுப்பதில்லை, அசையத் தொடங்கும் கணத்திலேயே முழு இழுவையையும் கொடுக்கிறது, வேகம் குறையும்போது சிறிதளவு மின்சாரத்தைப் பற்றரிக்கே திருப்பியும் விடுகிறது. ஆகவே முன்மாதிரி காட்டுவதானால், குப்பை வண்டியில் காட்டுங்கள். படம் எடுத்துப் போடுவதற்கு அது அவ்வளவு அழகாக இராது என்பது எனக்கும் தெரியும்.

இதை நான் எங்கோ வாசித்துவிட்டு எழுதவில்லை. எங்கள் சபைக்கு ஒரு காலத்தில் நன்கொடைத் திட்டமொன்றின் கீழ் மின்சார முச்சக்கர வண்டிகள் சில வந்தன. பின்னால் இரும்புப் பெட்டி பொருத்திய, குப்பை ஏற்றுவதற்கென்றே செய்த வண்டிகள். நாடா வெட்டி, தேங்காய் உடைத்து, மாலை போட்டு இறக்கினோம். ஒரு வருடம் முடிவதற்குள் அவை முற்றத்தின் வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றன. “சைனாக்காரன்ட சாமான் அப்படித்தான்” என்று எல்லோரும் சொன்னார்கள். சாமானில் பெரிய குறை இருக்கவில்லை என்பதை நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

அந்த வண்டிகள் வேலை முடிந்து நின்றதும் மின்னேற்ற வேண்டும். முற்றத்தில் அதற்கான மின்னிணைப்பு கிடையாது. களஞ்சிய அறையின் யன்னலால் ஒரு நீட்டிப்பு வயரை வெளியே இழுத்து, அதன் நுனியில் பலகை ஒன்றில் அறைந்த பிளக் பொயின்டுகளில் இரவில் சார்ஜ் போடுவதாக ஏற்பாடு. பிற்பகல் 4.15க்கு அலுவலகம் மூடும். மின்சாரச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற சுற்றறிக்கைக்கு அமைய, களஞ்சியக் கட்டடத்தின் மெயின் சுவிச்சை மூடும்போதே அணைத்துவிட வேண்டும் என்பது காவலாளிக்கு எழுத்தில் கொடுக்கப்பட்ட கட்டளை. அவர் கட்டளைப்படி அணைத்தார். காலையில் வந்து போட்டார். வண்டிகள் அரைகுறைச் சார்ஜுடன் புறப்பட்டு, சந்தை ஒழுங்கையில் நின்று, கயிறு கட்டி இழுபட்டு வந்தன. மெயின் சுவிச்சைப் பற்றி நான் எழுதிய குறிப்பு கோப்பில் மேலே போய், “கலந்துரையாடுக” என்ற ஒற்றைச் சொல்லுடன் திரும்பி வந்தது.

அவற்றில் இருந்தவை ஈய அமிலப் பற்றரிகள். 12 வோல்ற்றுப் பற்றரிகள் ஐந்தைத் தொடராக இணைத்து 60 வோல்ற்று. 100 அம்பியர் மணி என்று எழுதப்பட்டிருந்தால், மொத்தக் கொள்ளளவு 6 அலகு (கிலோவாற்று மணி) மின்சாரம். ஆனால் இந்த வகைப் பற்றரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. ஆக, உண்மையில் பயன்படுத்தக்கூடியது 3 அலகுதான். சார்ஜ் இறங்கிய நிலையில் அப்படியே நாட்கணக்கில் விட்டால், உள்ளேயுள்ள ஈயத் தட்டுகளில் சல்பேற்றுப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அது திரும்பிக் கரையாது. ஐந்தில் ஒன்று இப்படிக் கெட்டால் மற்ற நான்கும் அதற்காக இழுபட்டுக் கெடும். இதற்கு மேலே கடற்காற்று. பெட்டியைத் திறந்தபோது முனைகளில் வெண்பச்சைத் தூள் விரற்கடை உயரத்துக்கு ஏறியிருந்தது. வெந்நீர் ஊற்றித் துலக்கி, கிறீஸ் பூசி வைப்பது ஒரு சின்ன வேலை. அந்த வேலை எவருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை.

எரிபொருள் ஊற்றாத வாகனம் என்பதால் கணக்கிலும் வில்லங்கம் வந்தது. ரன்னிங் சாட் என்று நாங்கள் சொல்லும் ஓட்டக் குறிப்புத் தாளில், வழங்கப்பட்ட எரிபொருள் எத்தனை லீற்றர் என்று ஒரு நிரல் உண்டு. எழுதுநர் பிள்ளை நேர்மையாக அதில் பூச்சியம் போட்டாள். எரிபொருள் பெறாமல் வாகனம் ஓடியது எவ்வாறு என்று கணக்காய்வு விசாரணை வந்தது. விளக்கம் அனுப்பினோம். அடுத்த விசாரணை, அலுவலக மின்சாரக் கட்டணம் மதிப்பீட்டை மீறியது ஏன் என்பது. டீசல் தலைப்பில் மிச்சம் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை, மின்சாரத் தலைப்பில் கூடியதை மட்டும் பார்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கணக்காய்வு அதிகாரிகளைக் குறைசொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படிவத்தில் உள்ளதைக் கேட்பதுதான் அவர்களுடைய வேலை. தனியான ஒரு மின்மானியைப் பொருத்தி, லீற்றர் நிரலுக்குப் பக்கத்தில் அலகு நிரல் ஒன்றைச் சேர்த்திருந்தால் இந்த இரண்டு விசாரணைகளும் வந்தே இரா.

பிறகு 2022 வந்தது, நாடெங்கும் எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது நிற்கும் மாவட்டத்தில், ஒரு பவுசர் டீசலுக்காக நாட்கணக்கில் காத்திருந்தோம். குப்பைப் பெட்டி இழுக்கும் உழவு இயந்திரங்கள் ஓடவில்லை. சந்தைக் கழிவு மலையாகக் குவிந்து, மாடுகளும் மான்களும் பொலித்தீனோடு சேர்த்துத் தின்றன. (இங்கே மான்கள் தெருவில் நிற்கும் என்பதை வெளியூர் வாசகர்கள் நம்பமாட்டார்கள், நேரில் வந்து பாருங்கள்.) அப்போதுதான் வேப்பமரத்தடி வண்டிகள் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்தன. கழிக்க வேண்டிய பற்றரிகளைக் கழித்து, உயிருள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்து, எங்கள் கராஜில் இருந்த மின்னியல் பொடியன் இரண்டு வண்டிகளை எழுப்பிவிட்டான். மின்வெட்டு அட்டவணையில் எங்கள் வலயத்துக்கு எப்போது கரண்ட் வரும் என்று பார்த்துப் பார்த்துச் சார்ஜ் போட்டோம். இந்த முறை மெயின் சுவிச்சை எவரும் அணைக்கவில்லை. செயலாளரே வந்து நின்று பார்த்தார். சாதாரண முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று கியூஆர் குறியீட்டு முறையில் எரிபொருளை அளந்து கொடுத்த நாட்களில், அந்த இரண்டும் சந்தை ஒழுங்கைகளைத் துப்புரவாக வைத்திருந்தன. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஒரேயொரு புதுப் பிரச்சினை, சத்தமே இல்லாதபடியால் வண்டி வந்தது வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. உழவு இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பழகியவர்கள். ஒரு சைக்கிள் மணியைக் கட்டிவிட்டோம்.

இன்று தொடங்கும் ஒரு சபைக்கு எங்களைவிட வசதி அதிகம். லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரிகள் வெப்பத்தையும் ஆழமாக இறக்குவதையும் ஈய அமிலத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆனி ஆடியில் கச்சான் எனும் வெப்பமான வறண்ட காற்று அடிக்கும்போது தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வாகனம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பற்றரி வகையைக் கேட்காமல் வாங்குகிறவர் அந்த ஒரு பருவத்திலேயே பாடம் படிப்பார். 2015 அளவில் இந்த நாட்டுக்குப் பெருமளவில் வந்த நிசான் லீப் மின்சாரக் கார்களின் பற்றரிக்கு, அதைக் குளிர்விக்கும் தனியான ஏற்பாடு இல்லை. வெப்பமான ஊர்களில் அவற்றின் கொள்ளளவு எவ்வளவு விரைவாகக் குறைந்தது என்பதைப் பழைய லீப் ஒன்றை வாங்கியவரிடம் கேட்டால் சொல்வார்.

அதைவிடப் பெரிய வசதி நேரம். குப்பை வண்டி முற்பகலில் திரும்புகிறது. சூரியப் படலங்களில் (சோலார் பனல்) இருந்து மின்சாரம் கொட்டுவதும் அந்த நேரத்தில்தான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் நேரத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று சொல்லி, கூரைச் சூரியப் படலங்களைப் பிற்பகல் 3 மணிவரை அணைத்துவைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. அதே ஏப்ரலில் எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மிஞ்சும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளச் சபையின் முற்றத்தில் வண்டி காத்து நிற்கும்போது, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் யாராவது பிளக்கைச் செருகினால் அது வெறும் நிர்வாகச் சோம்பேறித்தனம். கொட்டகைக் கூரையில் படலம் போட முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் கணக்கையும் பாருங்கள்: 40 அலகு கொள்ளும் சிறிய லொறியொன்றை நான்கு மணித்தியாலத்தில் நிரப்ப 10 கிலோவாற்று வேண்டும். வழமையான 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பு 7 கிலோவாற்றைத்தான் தொடும். ஆகவே, கூடிய மின்சாரம் தரும் திறீ பேஸ் இணைப்புக்கு விண்ணப்பித்து, மதிப்பீடு வந்து, பணம் கட்டி, வயர் இழுத்து முடிந்த பிறகே வாகனத்துக்கு விலைமனுக் கோருங்கள். எங்களுக்கு வண்டி முதலில் வந்தது.

நுரைச்சோலை மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியைத்தானே வாகனத்துக்கு ஊற்றுகிறீர்கள் என்று பின்னூட்டத்தில் ஒருவர் வருவார். இரவில் சார்ஜ் போட்டால் அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை, நண்பகலில் போட்டால் அவ்வளவு உண்மையில்லை. ஓய்வுபெற்ற பிறகு வீரம் பேசுகிறார் என்று இன்னொருவர் எழுதுவார். கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. என் குறிப்புகளை எடுத்து வாசிக்கட்டும். மற்றபடி கழிவுநீர் உறிஞ்சும் கலி பவுசர், மண் தோண்டும் பைக்கோ, குப்பையை நசுக்கி ஏற்றி நீண்ட தூரம் கொட்டப்போகும் கொம்பெக்டர் ஆகியவற்றை இப்போதைக்கு டீசலிலேயே விட்டுவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் சாரதிகள் அல்லர். முச்சக்கர வண்டி அனுமதிப்பத்திரம் வைத்திருந்த சுகாதாரத் தொழிலாளர்கள். சாரதிப் பதவியும் இல்லை, அதற்குரிய கொடுப்பனவும் இல்லை. கண்ணாடி உடைந்தால் மட்டும் அரச சொத்து இழப்பை விசாரிக்கும் நிதிப்பிரமாணம் 104இன் கீழ் விசாரணைக்குச் சாரதி என்றே அழைக்கப்பட்டார்கள். “ஐயா, சம்பளத்துக்கு நான் கூலி, வழக்குக்கு நான் டிரைவரா?” என்று ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார். ஆளணி அனுமதி மேலிடத்தின் வேலை என்று அவரை அனுப்பிவைப்பதைத் தவிர எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. மின்சாரத்துக்கு மாறும் சபைகள் அதையும் சேர்த்துத் தீர்க்காவிட்டால், புது வண்டியைக் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்று அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஷென்செனில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பேருந்து எண்ணிக்கையை அல்ல. அங்கே பேருந்தின் ஆயுட்காலம் முழுவதற்கும் பற்றரிக்கும் மோட்டாருக்கும் உற்பத்தியாளரே பொறுப்பேற்றார். உங்கள் விலைமனுக் கோரலிலும் அதை எழுதுங்கள்: பற்றரியின் வகை, எத்தனை ஆண்டுக்குப் பிறகு எத்தனை வீதக் கொள்ளளவு மிஞ்சும் என்ற எழுத்து உத்தரவாதம், மாற்றுப் பற்றரியின் இன்றைய விலை, திருகோணமலைக்கே வந்து திருத்தித்தரும் ஆள். மாற்றுப் பற்றரிக்கான தொகையை முதலாவது வருடத்திலிருந்தே வரவு செலவுத் திட்டத்தில் சிறிது சிறிதாக ஒதுக்கி வாருங்கள். ஐந்தாவது வருடத்தில் ஒரேயடியாகக் கேட்டால் எந்தச் சபையும் தராது. காவலாளிக்குக் கொடுக்கும் எழுத்துக் கட்டளையிலும் எந்தச் சுவிச்சை அணைக்கக்கூடாது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.