நடுவில் பொருந்துகிறது, ஓரத்தில் விலகுகிறது: அந்த 1.45 எங்கிருந்து வந்தது?

உங்கள் கேள்விக்கான விடை கேள்விக்குள்ளேயே, போகிற போக்கில் நீங்கள் சொன்ன ஓர் எண்ணில் இருக்கிறது. பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆரூகோ மார்க்கரை (கேமரா எளிதில் அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியை) ஓபன்சிவி என்ற பட ஆய்வு நிரல் தொகுப்பு கண்டுபிடித்து, அதன் நிலையை, அதாவது இடத்தையும் சாய்வையும் தருகிறது. அந்த நிலையை முப்பரிமாணக் காட்சி வரையும் யூனிட்டிக்கு அனுப்பி, மார்க்கரின் மேல் ஒரு கனசதுரத்தை உட்கார வைக்கிறீர்கள். மார்க்கர் படத்தின் நடுவில் இருக்கும்போது கனசதுரம் ஒட்டினாற்போல நிற்கிறது. ஓரத்துக்குப் போனால் நடுப்பக்கமாக நழுவுகிறது. கேமராவைத் தள்ளி வைத்தால் சில சமயம் படக்கென்று வேறு பக்கம் சாய்ந்துவிடுகிறது. படம் 1280×720. காலிபரேஷனில் (கேமராவின் லென்ஸ் எண்களை அளந்து கண்டுபிடிப்பதில்) குவியத் தூரம் ஏறக்குறைய 900 பிக்சல் வந்தது. கடைசி வரியில், "பொருள் சின்னதாகத் தெரிந்ததால் 1.45 மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறேன்" என்கிறீர்கள்.

அந்த 1.45தான் விஷயமே.

யூனிட்டியில் புதிதாக ஒரு கேமரா வைத்தால் அதன் செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகை. நாம் தொட்டு மாற்றாதவரை அது அப்படியேதான் இருக்கும். 720 பிக்சல் உயரத்தில் பாதி 360. அதை 30 பாகையின் டேன்ஜென்ட்டால், அதாவது 0.577ஆல் வகுத்தால் 624 வரும். ஆக, யூனிட்டி தன் கேமராவின் குவியத் தூரம் 624 பிக்சல் என்று நினைத்துக்கொண்டு வரைகிறது. உங்கள் நிஜக் கேமராவுக்கோ 900. இப்போது 900ஐ 624ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.44. நீங்கள் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த எண்ணும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. நல்ல கண் உங்களுக்கு!

இரண்டு கேமராக்கள் இரண்டு விதமாகப் பார்த்தால் என்ன நடக்கும்? மார்க்கர் படத்தின் நடுவிலிருந்து 300 பிக்சல் வலப்பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். ஓபன்சிவி அதன் இடத்தைச் சரியாகவே கணக்கிடுகிறது. அதே இடத்தில் யூனிட்டி கனசதுரத்தை வைத்துப் படமாக்கும்போது, 300 பிக்சலில் விழ வேண்டியது 300 × 624 ÷ 900, அதாவது 208 பிக்சலில் விழுகிறது. கனசதுரத்தின் அளவும் அதே விகிதத்தில் சுருங்குகிறது. மார்க்கர் சரியாக நடுவில் இருந்தால் பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே, விலகல் தெரியாது, சுருக்கம் மட்டும் தெரியும். நீங்கள் அந்தச் சுருக்கத்தை 1.45 போட்டு மறைத்துவிட்டீர்கள். விலகலை மறைக்க வழியில்லாததால் அது மட்டும் வெளியே நிற்கிறது.

சரி, தீர்வு. பார்வைக் கோணத்தை 43.6 பாகை என்று மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும் (360ஐ 900ஆல் வகுத்தால் 0.4, அதற்குரிய கோணம் 21.8, அதன் இரட்டிப்பு). ஆனால் நான் அப்படிச் செய்வதில்லை. புரொஜெக்‌ஷன் மேட்ரிக்ஸையே (முப்பரிமாண இடத்தைத் திரைப் புள்ளியாக மாற்றும் எண் அட்டவணையை) நேரடியாக எழுதிவிடுவேன். காரணம், லென்ஸின் மையம் படத்தின் மையத்தில் அச்சாக உட்காருவது அபூர்வம். 1280 அகலப் படத்தில் மையம் 640இல் இருக்க வேண்டியது காலிபரேஷனில் 652 என்று வரும். பார்வைக் கோணம் என்ற ஒற்றை எண்ணுக்கு அந்த 12 பிக்சலைச் சொல்லத் தெரியாது, மேட்ரிக்ஸுக்குத் தெரியும். எஃப்எக்ஸ், எஃப்ஒய் என்பவை கிடையாகவும் செங்குத்தாகவும் குவியத் தூரம், சிஎக்ஸ், சிஒய் என்பவை லென்ஸ் மையத்தின் இடம், நான்கும் காலிபரேஷன் தருபவை. முதல் வரிசையின் முதல் கட்டத்தில் 2 × எஃப்எக்ஸ் ÷ அகலம், மூன்றாவது கட்டத்தில் 1 − 2 × சிஎக்ஸ் ÷ அகலம். இரண்டாவது வரிசையின் இரண்டாவது கட்டத்தில் 2 × எஃப்ஒய் ÷ உயரம், மூன்றாவது கட்டத்தில் 2 × சிஒய் ÷ உயரம் − 1. மூன்றாவது வரிசை வழக்கம்போல அருகு, தொலைவு எல்லைகளுக்கானது, நான்காவது ஆழத்தால் வகுப்பதற்கானது, அவற்றைத் தொட வேண்டாம். உங்கள் எண்களுக்கு முதல் கட்டம் 1.406, இரண்டாவது வரிசையில் 2.5 என்று வர வேண்டும். எழுதி முடித்ததும் மறக்காமல் 1.45ஐ எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த இரண்டு நாளும் "இப்போது ஏன் பெரிதாகத் தெரிகிறது" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானும் இப்படி ஓர் எண்ணைப் போட்டு மாட்டிக்கொண்டவன். ஓர் இயந்திரத்தின் மூடியில் மார்க்கரை ஒட்டி, எந்தப் போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்று அம்புக்குறி காட்டும் சின்னச் செயலி அது. மார்க்கருக்கு வலப்பக்கம் 40 செ.மீ. தள்ளி ஒரு போல்ட். அம்பு அதற்கு 12 மி.மீ. முன்னாலேயே நின்றது. மார்க்கரின் மேல் வரைந்த சதுரமோ அச்சாகப் பொருந்தியது. "அம்பின் இடத்தைத்தான் தப்பாக அளந்திருப்பேன்" என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் 12 மி.மீ. வலப்பக்கம் தள்ளினேன். வலது போல்ட் சரியானது, வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் இடப்பக்க போல்ட்டைப் பார்த்தால் அங்கே 24 மி.மீ. பிழை!

நடந்தது இதுதான். மார்க்கரின் பக்கம் 100 மி.மீ. என்று நிரலில் எழுதியிருந்தேன். பிரிண்டர், தாளுக்குள் அடக்குகிறேன் பேர்வழி என்று அதை 97 மி.மீ. ஆகச் சுருக்கி அச்சடித்திருந்தது. மார்க்கர் சிறிதாகத் தெரிவதால், அது 3 சதவீதம் தள்ளியிருப்பதாக நிரல் நம்புகிறது. அந்தத் தள்ளிய தூரத்தில் 40 செ.மீ. என்று நான் வரைவது, நிஜத்தில் 38.8 செ.மீ. ஆகத்தான் தெரியும். இரண்டு பக்க அம்புகளும் மார்க்கரை நோக்கி 12 மி.மீ. உள்வாங்கியிருந்தன. நான் ஒட்டுமொத்தமாகத் தள்ளியதில் ஒன்று திருந்தி, மற்றது இரட்டிப்பாகக் கெட்டது. மார்க்கரின் மேலேயே பொருளை வைப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. ஏனென்றால் 100 மி.மீ. என்று நினைத்து வரைந்த சதுரம், 97 மி.மீ. மார்க்கரின் மேல் கச்சிதமாகவே உட்காரும், கணக்கு அப்படி. அன்றிலிருந்து அச்சடித்த தாளின் மேல் ஸ்கேல் வைத்து, கறுப்புச் சதுரத்தின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து, வந்த எண்ணைத்தான் நிரலில் போடுகிறேன்.

ஒரு சோதனையும் சொல்லிவிடுகிறேன், எதைத் தொடுவதற்கும் முன்னால் நான் செய்வது. வேலையை இரண்டு பாதியாக வெட்டுங்கள். முதல் பாதியில் யூனிட்டியே கிடையாது. ஓபன்சிவி தந்த நிலையை வைத்து மார்க்கரின் நான்கு மூலைகளையும் புரொஜெக்ட்பாயின்ட்ஸ் என்ற ஓபன்சிவி செயல்கூறு மூலம் அதே படத்தில் திரும்ப வரையுங்கள், அச்சுக்கோடுகளையும் சேர்த்து. சிவப்பு எக்ஸ், பச்சை ஒய், நீலம் இசட். மூலைகள் ஒரு பிக்சலுக்குள் பொருந்தி, நீலக்கோடு தாளிலிருந்து உங்களை நோக்கி எழுந்து நின்றால் இந்தப் பாதி பெரும்பாலும் சரி. அப்புறம் இரண்டாவது பாதி: யூனிட்டியில் கனசதுரத்தைக் கழற்றிவிட்டு, மார்க்கரின் அளவிலேயே ஒரு வெறும் சதுரச் சட்டத்தை வையுங்கள். கனசதுரம் ஏமாற்றும், அதன் எந்த முகம் எங்கே இருக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியாது. சட்டம் ஏமாற்றாது. மார்க்கரை மெதுவாக நான்கு ஓரங்களுக்கும் கொண்டுபோய்ச் சட்டம் எப்படி விலகுகிறது என்று பாருங்கள். நடுவை நோக்கியோ வெளியேயோ விகிதமாக விலகினால் குவியத் தூரம். எங்கே போனாலும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் லென்ஸின் மையம். மூலைகளில் மட்டும் வளைந்து விலகினால் லென்ஸின் உருச்சிதைவை நேராக்காத படத்தின் மேல் வரைகிறீர்கள். அசைக்கும்போது பின்தங்கி, நிறுத்தினால் வந்து சேர்ந்துகொண்டால், ஒரு ஃபிரேமில் கணக்கிட்ட நிலையை அடுத்த ஃபிரேமின் மேல் வரைகிறீர்கள். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 33 மில்லி வினாடி. கை வினாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் நகர்ந்தாலே 6 மி.மீ.க்கு மேல் பின்தங்கும்.

இனி, சாய்ந்து திரும்பிக்கொள்ளும் விவகாரம். எப்போதுமே தலைகீழாக இருக்கிறதென்றால் அது அச்சுக் குழப்பம். ஓபன்சிவியில் ஒய் கீழ்நோக்கிப் போகிறது, யூனிட்டியில் மேல்நோக்கி. இடத்தில் ஒய்யின் குறியை மாற்றினால் மட்டும் போதாது, சுழற்சி மேட்ரிக்ஸின் இரண்டு பக்கமும் அதே குறிமாற்றத்தைப் பெருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பெருக்கினால் பொருள் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆகிவிடும். ஆனால் உங்களுக்குச் சில சமயம்தான் நடக்கிறது, அதுவும் தூரத்தில். நிரலில் பிழை தேட வேண்டாம், இது வடிவியல் செய்யும் வேலை.

50 மி.மீ. மார்க்கர் ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருந்தால், உங்கள் கேமராவில் அதன் பக்கம் 30 பிக்சல். அதை 20 பாகை சாய்த்தால், அருகிலிருக்கும் ஓரத்துக்கும் தூரத்து ஓரத்துக்கும் ஆழத்தில் 17 மி.மீ. வித்தியாசம். 1500இல் 17 என்பது ஒரு சதவீதம் சொச்சம். ஆக, அருகு ஓரம் தூரத்து ஓரத்தைவிடப் பெரிதாகத் தெரிவது ஏறக்குறைய ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு! மார்க்கர் முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா பின்பக்கமா என்பதை நிரல் இந்த நூலளவு வித்தியாசத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படத்தில் கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தால் தீர்ப்பு மாறிவிடும். மார்க்கரை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் இந்த வித்தியாசம் நான்கு மடங்காகும், பெரிய மார்க்கர் தரும் லாபம் அவ்வளவு. பெரிதாக்க முடியாதென்றால் ஓபன்சிவியில் நிலையைக் கணக்கிடும் சால்வ்பிஎன்பி ஜெனெரிக் என்ற செயல்கூறை, சதுர மார்க்கருக்கான ஐபிபிஇ ஸ்கொயர் முறையில் அழையுங்கள். இரண்டு விடைகளையும் அவற்றின் பிழையோடு சேர்த்துக் கொடுக்கும். இரண்டு பிழைகளும் நெருக்கமாக இருந்தால், முந்தைய ஃபிரேமின் நிலைக்கு எது பக்கமோ அதை எடுங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு: ஒரே மார்க்கரை நம்பாமல் ஒரே அட்டையில் நான்கைந்து மார்க்கர்களைத் தள்ளித் தள்ளி வைத்து, எல்லா மூலைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நிலையைக் கணக்கிடுவது. திரும்பிக்கொள்வது பெரும்பாலும் அதோடு ஓய்ந்துவிடும், நடுக்கமும் குறையும்.

நடுக்கம் என்றதும் உடனே அதை வழுவழுப்பாக்கும் வடிகட்டி போடத் தோன்றும். அதற்கு முன்னால் மூலைகளை நுணுக்கமாகத் தேடும் அமைப்பை இயக்குங்கள். ஆரூகோவில் அது இயல்பாக அணைந்துதான் இருக்கும். கோணத்தில் ஒரு பாகை ஆடினால், மார்க்கரிலிருந்து 40 செ.மீ. தள்ளி வைத்த பொருள் 7 மி.மீ. ஆடும். அதனால் பொருளுக்குப் பக்கத்திலேயே மார்க்கரை ஒட்டுவது எந்த வடிகட்டியையும்விட மேல். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் ஒன் யூரோ வடிகட்டி நன்றாக வேலை செய்யும். மெதுவாக நகரும்போது அழுத்தமாக வழுவழுப்பாக்கும், வேகம் கூடினால் விட்டுக்கொடுக்கும்.

போன் கேமராவாக இருந்தால் இன்னும் இரண்டு. தானியங்கி ஃபோகஸைப் பூட்டுங்கள், ஃபோகஸ் நகர்ந்தால் குவியத் தூரமும் லேசாக நகரும். வீடியோ நிலைப்படுத்தலை அணையுங்கள், அது ஒவ்வொரு ஃபிரேமையும் வெவ்வேறு இடத்தில் வெட்டித் தருவதால் நீங்கள் அருமையாகக் காலிபரேட் செய்த மையம் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கும். எந்த ரெசல்யூஷனில் காலிபரேட் செய்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அது 1920×1080 என்றால் எஃப்எக்ஸ், எஃப்ஒய், சிஎக்ஸ், சிஒய் ஆகிய நான்கு எண்களையும் மூன்றில் இரண்டாகக் குறைக்க வேண்டும். 4:3 படத்தில் செய்திருந்தால் இந்தப் பெருக்கலை நம்பாமல், 1280×720இலேயே திரும்பக் காலிபரேட் செய்துவிடுங்கள், பத்து நிமிட வேலைதான்.

முதலில் மேட்ரிக்ஸை மாற்றி, 1.45ஐ எடுத்து, வெறும் சட்டத்தை வைத்துப் பாருங்கள். ஓரத்தில் அதன் பிறகும் விலகினால், மார்க்கர் நான்கு மூலைகளிலும் இருக்கும் நான்கு படங்களையும் காலிபரேஷன் எண்களையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்க்கிறேன்.