மூன்று தொமிலி

வணக்கம் ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், தமிழ் வழியில். தமிழ்த் தேர்வில் 'பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளிக்க' என்ற பகுதியில் எப்போதும் முழு மதிப்பெண்தான். கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி நூல் வாங்கிக் கொடுத்தேன். தினம் ஒன்று என்று நாற்பது பத்திகள் முடித்துவிட்டாள். போன வாரம் அவள் எழுதி முடித்ததும் நூலை மூடி வைத்துவிட்டு, "இதில் என்ன சொல்லியிருந்தது, எனக்குச் சொல்லு" என்றேன். முழித்தாள். ஐந்துக்கு ஐந்து வாங்கியவளுக்கு ஒரு வரி சொல்ல வரவில்லை. செய்யுள் என்றால் இன்னும் மோசம். "அதெல்லாம் புரியாதும்மா, பொருளைப் பார்த்துத்தான் எழுதணும்" என்கிறாள். இன்னும் நிறையப் பயிற்சி கொடுக்க வேண்டுமா?

க., தேனி

அன்புள்ள க.,

பயிற்சியைக் கூட்ட வேண்டாம். கொஞ்ச நாளைக்கு அந்த நூலை எடுத்து உள்ளே வையுங்கள்.

ஏன் என்று சொல்ல ஒரு வாக்கியம் எழுதுகிறேன். 'நெடுவன் துமரிக்குப் போய் மூன்று தொமிலி வாங்கி, அதைக் கிணுப்பாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தான்.' இப்போது கேள்விகள். நெடுவன் எங்கே போனான்? துமரிக்கு. எத்தனை தொமிலி வாங்கினான்? மூன்று. அதை என்ன செய்யாமல் கொண்டு வந்தான்? கிணுப்பாமல். மூன்றுக்கு மூன்று வாங்கிவிட்டீர்கள். ஆனால் தொமிலி என்றால் என்ன? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த வார்த்தைகளை நானே இட்டுக்கட்டினேன்.

உங்கள் மகள் நாற்பது நாள் செய்தது இதைத்தான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடுகிறாள், அது கிடைத்த வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறாள். அது அவள் தப்பு இல்லை. நாம் கேட்ட கேள்விகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது, பிள்ளை அதற்கு மேல் செய்யவில்லை. சிங்கப்பூரில் இந்தப் பயிற்சிக்குக் கருத்தறிதல் என்று பெயர், மலேசியாவில் கருத்துணர்தல். பெயரில் இருக்கும் அறிதலும் உணர்தலும் நடக்காமலே விடை எழுதிவிட முடிகிறது, அதுதான் சிக்கல்.

செய்யுளில் இது இன்னும் கூடுதல். நம் பாடநூலில் பாட்டு முடிந்த கையோடு 'சொல்லும் பொருளும்' வரும், அடுத்து 'பாடலின் பொருள்'. பாதிப் பிள்ளைகள் நேராக அங்கே போய்விடுகிறார்கள். உரைநடையில் நாலு வரியாகச் சுருக்கம் இருக்கும்போது பாட்டோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? அந்தப் பகுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் அது பிள்ளைக்குத் துணை. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய துணை. முதல் தடவை படிக்கும்போது அதன் மேல் ஒரு தாளை வைத்து மறையுங்கள்.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். ஆறிலிருந்து எட்டு வரை படிக்கிறவர்கள். ஒருநாள் புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துக்கொண்டோம், பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்,
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்,
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே!

யார் பாடியது என்றுகூட நான் முதலில் சொல்லவில்லை. இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன். அப்புறம், "நான் எதுவும் கேட்க மாட்டேன், நீங்கள்தான் கேட்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்" என்றேன்.

முதல் கேள்வி ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான். "அது எந்தத் திங்கக்கிழமை?" மற்றவர்கள் சிரித்தார்கள். நல்ல கேள்வி என்று சொல்லி அதையே பிடித்துக்கொண்டேன். திங்கள் என்றால் கிழமை, நிலா, மாதம் என்று மூன்று பொருள் இருக்கிறது. இங்கே எது? ஒரு பெண் யோசித்துச் சொன்னாள், "நிலாவா இருக்காது. பக்கத்துலயே வெண்ணிலவுன்னு தனியா வருதே." கிழமையும் ஒட்டவில்லை. அப்படியானால் மாதம். அகராதியைத் தொடாமல், பக்கத்துச் சொல்லை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்து, பேசுவது ஒருவரா பலரா என்று ஒருத்தி கேட்டாள். 'உடையேம்' என்பதன் கடைசி எழுத்தைப் பார் என்றேன். நான் என்றால் உடையேன், நாங்கள் என்றால் உடையேம். ஆக, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள். தன்மைப் பன்மை விகுதி என்று அவள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த விஷயம்தான். அது பாட்டுக்குள் இப்படி வேலை செய்யும் என்று அன்றுதான் பார்த்தாள்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பா செத்துப்போயிட்டார்னு எங்கயுமே சொல்லலையே" என்றாள். ஆமாம், சொல்லவில்லை. அழுகை என்ற சொல்லும் இல்லை. பிறகு எப்படி நமக்குத் தொண்டை அடைக்கிறது? மறுபடி வாசித்தோம். அப்போது அவளே கண்டுபிடித்தாள். போன மாதத்தைச் சொல்லும்போது முதலில் அப்பா, அப்புறம் குன்று. இந்த மாதத்தைச் சொல்லும்போது முதலில் குன்று, கடைசியில் அப்பா. "மலை போனத முதல்ல சொல்லிடறாங்க. அப்பாவைச் சொல்லத்தான் நேரமாகுது" என்றாள். நான் இந்தப் பாட்டை எத்தனையோ வருஷமாகப் படிக்கிறேன். அந்த வரிசையை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதன் பிறகுதான் கதையைச் சொன்னேன். மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகையிட்டது, வஞ்சகத்தால் பாரி கொல்லப்பட்டது எல்லாம். உடனே ஒரு கேள்வி வந்தது. "அப்புறம் ஏன் 'வென்று எறி முரசின் வேந்தர்'னு புகழ்றாங்க?" புறநானூற்றின் பழைய உரைகாரருக்கும் அந்த இடம் உறுத்தியிருக்கிறது, அதை இகழ்ச்சிக் குறிப்பு என்றே எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொன்னபோது அதன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஐந்து அடிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் உங்கள் மகள் மூன்று பத்தி முடித்திருப்பாள்.

நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்கிறார். கேட்பது முதலில், கேட்டதற்கு விடை சொல்வது அடுத்து. நாம் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு முறைக்கு இரு முறை கேட்டால் நூலில் பிழைபடமாட்டான் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். அதனால்தான் நானும் இரண்டு தடவை வாசிக்கிறேன்.

தேர்வு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். பயப்பட வேண்டாம், வரியைப் பெயர்த்து எழுதும் திறமை அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது எங்கும் போகாது. தடுமாறுவது சிந்தனை வினாவில்தான், அதற்கு இந்த வழிதான் கைகொடுக்கும். ஒன்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். சத்தமாக வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் திணறுகிறாளா? அப்படியானால் முதலில் வாய்விட்டு வாசிக்கும் பழக்கம்தான் வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

வாரத்தில் இரண்டு நாள் போதும். சமையல் முடிந்து இருவரும் உட்காரும் நேரமாகப் பாருங்கள். இந்த ஐந்து அடியிலிருந்தே தொடங்கலாம். நான் மேலே எழுதியதை அவளுக்குக் காட்டாதீர்கள், பாட்டை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள். அவள் கேட்கும் முதல் மூன்று கேள்விகளை எனக்கு எழுதி அனுப்புங்கள், எந்தத் திங்கட்கிழமை என்றே கேட்டாலும் சரி.