அடுத்தவங்க டிராயிங்ல நமக்கென்ன வேலை?

அன்புள்ள அண்ணா,

நான் மெக்கானிக்கல் முடிச்சுட்டு பெங்களூர் பீன்யால ஒரு மெட்டல் 3டி பிரின்டிங் கம்பெனில வேலை பாக்கறேன், உலோகப் பவுடரை லேயர் லேயரா உருக்கிப் பாகம் செய்யற இடம். சொந்த ஊர் ராஜபாளையம், இங்க தாசரஹள்ளில பிஜி. ஆஃபர் லெட்டர்ல டிசைன் இன்ஜினியர்னு இருக்கு, ஆனா நான் எதையும் டிசைன் பண்றதில்ல. கஸ்டமர் முடிச்ச மாடலை அனுப்புவாங்க, எப்படி சாய்ச்சு பிரின்ட் பண்ணலாம்னு பாக்கணும், தொங்கற இடத்துக்கு முட்டா சப்போர்ட் போடணும், அப்புறம் மெஷின்ல செதுக்க கொஞ்சம் கூடுதல் உலோகம் விடணும் (மெஷினிங் அலவன்ஸ்), அவ்ளோதான். கூடப் படிச்சவங்க ஒயிட்ஃபீல்டுல சாஃப்ட்வேர்ல இருக்காங்க, சம்பளம் ரொம்ப அதிகம். வீட்ல நீயும் ஒரு கோர்ஸ் பண்ணி மாறிடுன்றாங்க. அடுத்தவங்க டிராயிங்ல ஒட்டுவேலை பாக்கவா நாலு வருஷம் படிச்சேன்னு இருக்கு. மாறிடலாமா?

எஸ்., பெங்களூர்

அன்புள்ள எஸ்,

சம்பளத்தை முதல்ல பேசிடலாம், வீட்ல கேக்கறது அதைத்தானே. ஆரம்பத்துல உங்க ஃபீல்டுல சாஃப்ட்வேர் அளவுக்கு வராது, உண்மைதான். கடன், தங்கச்சி படிப்புன்னு நெருக்கடி இருந்தா மாறுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா நான் டிசைனே பண்ணலன்னு நினைச்சுகிட்டு மட்டும் மாறாதீங்க தம்பி.

ஒரு ஹைட்ராலிக் மேனிஃபோல்டு, அதாவது உள்ள எண்ணெய் போற பாதைகள் இருக்கற உலோகக் கட்டை, வருதுன்னு வெச்சுக்கோங்க. எண்ணெய் ஒரு போர்ட்ல நுழைஞ்சு உள்ள திரும்பி இன்னொரு போர்ட்ல வெளிய வரணும். டிரில்லு நேராத்தான் போகும், அதனால ஒரு பக்கத்துல இருந்து ஒரு துளை, இன்னொரு பக்கத்துல இருந்து ஒரு துளை, ரெண்டும் உள்ள சந்திக்கும், வேண்டாத வாயை பிளக் போட்டு அடைச்சுடுவாங்க. கஸ்டமர் அந்த மாடலை அப்படியே அனுப்பி பிரின்ட் பண்ணிக் குடுங்கன்றார். நீங்களும் அப்படியே பண்ணா எண்ணெய் 90 டிகிரில முட்டித் திரும்பும், பிரஷர் போகும், சந்திப்பைத் தாண்டி இருக்கற முட்டுச்சந்துல பவுடர் போய் உக்காந்துக்கும், தட்டினாலும் வராது, கடைசில கஸ்டமரோட வால்வுல போய் மாட்டும். படுத்த மாதிரி போற துளை கொஞ்சம் பெருசா இருந்தா அதோட மேல்பக்கம் தொங்கிடும், சரின்னு உள்ள சப்போர்ட் போட்டா அதை எடுக்க எந்த டூலும் நுழையாது.

இப்ப நீங்க "இந்த பிளக் எதுக்கு சார்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டா எல்லாமே மாறிடும். டிரில்லே இல்லாதப்ப பிளக் தேவையே இல்ல, பாதை வளைஞ்சு போகலாம், வட்டத் துளைக்கு மேல மட்டும் கூம்பு வெச்சுட்டா அது தன்னைத் தானே தாங்கிக்கும், சுத்தி சும்மா கிடக்கற உலோகத்தையும் எடுத்துடலாம். கஸ்டமர் அனுப்பினது டிரில்லுக்குப் போட்ட டிசைன், பிரின்டருக்கான டிசைன் இன்னும் யாருமே போடல, அதைப் போட வேண்டியவர் நீங்கதான்.

பிஎஸ்எல்வி ராக்கெட்டோட நாலாவது ஸ்டேஜ்ல வர்ற பிஎஸ்4 இன்ஜினையே பாருங்க. 2024 மே 9 அன்னிக்கு அதோட 3டி பிரின்ட் பண்ண வடிவத்தை மகேந்திரகிரில, உங்க ஊர்ல இருந்து தெக்க போனா வர்ற அதே மகேந்திரகிரிலதான், 665 செகண்ட் எரிய விட்டு டெஸ்ட் பண்ணாங்க. 14 பாகம் ஒண்ணாச்சு, 19 வெல்டு ஜாயின்ட் இல்லாமப் போச்சு, பழைய முறைல 565 கிலோ ஃபோர்ஜிங்கும் ஷீட்டும் கேட்ட இன்ஜினுக்கு 13.7 கிலோ பவுடர் போதும்னாச்சு. பிரின்ட் பண்ணது இதே பெங்களூர் கம்பெனியான விப்ரோ 3டி. ஆனா பழைய டிராயிங்கை மெஷின்ல ஏத்தி இதைச் சாதிக்கல, இஸ்ரோவோட ராக்கெட் இன்ஜின் மையமான எல்பிஎஸ்சி-ல உக்காந்து பிரின்டிங்குக்குன்னே இன்ஜினைத் திரும்ப டிசைன் பண்ணாங்க.

உங்க கடிதத்துல என்னை உறுத்தறது வேற. கஸ்டமர் அனுப்புவாங்கன்னு எழுதியிருக்கீங்க, கஸ்டமர்கிட்ட பேசினேன்னு ஒரு இடத்துலயும் இல்ல. சேல்ஸ்காரர் நடுவுல இருந்து மாடலை மட்டும் வாங்கிக் குடுத்துட்டா அது எதோட மாட்டுது, எவ்ளோ லோடு, எவ்ளோ சூடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? டிராயிங் கீழ எல்லா அளவுக்கும் பொதுவா 0.05 மில்லிமீட்டர்தான் விலகலாம்னு போட்டிருப்பாங்க, பல சமயம் அது பழைய டெம்ப்ளேட்ல இருந்து வந்ததா இருக்கும். பிரின்ட்ல வர்ற முகம் பொதுவா 0.1, 0.2 மில்லிமீட்டர்லதான் நிக்கும், அப்ப எல்லா முகத்தையும் மெஷினிங் பண்ணியாகணும், செலவு ஏறும், கஸ்டமர் ஓடிடுவார். நீங்க நேர்ல கேட்டா "அந்த 20 ஹெச்7 துளையும் கீழ் முகமும்தான் சார் முக்கியம்"னு அவரே சொல்லுவார். 20 மில்லிமீட்டர் துளைல ஹெச்7னா 21 மைக்ரானுக்கு மேல விலகக் கூடாதுன்னு அர்த்தம், அந்த 21 மைக்ரானுக்கு எவ்ளோ வேணா மெனக்கெடலாம், மத்ததை விட்டுடலாம். அதனால கஸ்டமர்கிட்ட பேசறப்ப என்னையும் சேத்துக்கோங்கன்னு உங்க மேனேஜர்கிட்ட நாளைக்கே கேளுங்க. அது மட்டும் கிடைக்கலன்னா உங்க பயம் நிஜமாயிடும், நீங்க சப்போர்ட் போடற ஆளாவே நின்னுடுவீங்க.

அதே மாதிரி சாதாரண பிராக்கெட் வந்தா, விஎம்சி-ல (கம்ப்யூட்டர் ஓட்டற மில்லிங் மெஷின்) ஒரே தடவை மாட்டி முடியற ஜாப்னா, பிரின்ட் வேணாம்னு நீங்களே சொல்லணும். ஒரு ஆர்டர் போகும்தான், ஆனா அடுத்த கஷ்டமான ஜாபுக்கு அந்த கஸ்டமர் உங்களைத்தான் தேடுவார்.

சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் ஷாப் ஃப்ளோர்ல நில்லுங்க. பிரின்ட் ஆன ஜாபை ஃபர்னஸ்ல சூடாக்கி உள்ள இருக்கற இறுக்கத்தைத் தணிக்காம (ஸ்ட்ரெஸ் ரிலீவ்), அடித்தட்டுல இருந்து வயர் கட் மெஷின்ல அறுத்தா அறுக்கும்போதே ஜாபோட ஓரம் மேல தூக்கும், கீழ்ப்பக்கமா சரிஞ்ச முகத்தைத் தடவினா சொரசொரன்னு இருக்கும், இதையெல்லாம் கண்ணால பாத்தவர் ஜாபைச் சாய்ச்சு வெக்கற விதமே வேற. ஆபரேட்டர்கிட்ட "ஏனாய்த்து?" (என்னாச்சு?)னு கன்னடத்துலயே கேளுங்க, சாஃப்ட்வேர் காட்டாததையெல்லாம் அவங்க சொல்லுவாங்க. ஜனவரில பிஐஇசி கண்காட்சி மையத்துல இம்டெக்ஸ்ங்கற மெஷின் டூல் கண்காட்சி வந்தா லீவு போட்டாவது போங்க, இப்ப மாதவாரா வரைக்கும் மெட்ரோவே போகுது. டிராயிங்ல எந்த முகம் எவ்ளோ விலகலாம்னு குறிக்கற ஜிடி அண்ட் டி ஒழுங்கா தெரியலன்னா அந்த கோர்ஸை முதல்ல பண்ணுங்க, துமகூரு ரோட்டுல சிஎம்டிஐ-ன்ற மத்திய அரசு உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் உங்களுக்குப் பக்கம்தான், அங்க டிரெய்னிங் நடத்தறாங்க.

ஒரு வருஷம் இப்படிப் பாருங்க. அப்பவும் கஸ்டமர் முகத்தையே காட்டலன்னா அந்தக் கம்பெனியை விட்டுடுங்க, ஆனா இந்த ஃபீல்டை விடாதீங்க, தேவனஹள்ளி பக்கம் ஏரோஸ்பேஸ் கம்பெனிகள் இருக்கு, பொம்மசந்திரா பக்கம் டூலிங் கம்பெனிகள் இருக்கு. இன்டர்வியூவுக்குப் போறப்ப பிளக்கோட வந்ததையும் பிளக் இல்லாம நீங்க அனுப்பினதையும் பேப்பர்ல வரைஞ்சு காட்டுங்க, கஸ்டமர் பேர் மட்டும் வேணாம்.