ரப்பர் தளிரும் தேன்பெட்டியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ரப்பர் பூக்கும் முன்பே பெட்டியில் தேன் நிறைகிறதே, எந்தப் பூவிலிருந்து எடுக்கிறது? (அருமனை)

பூவிலிருந்து இல்லை, இலையிலிருந்து. தையில் தளிர் விட்டதும் ஒரு கொத்தைப் பறித்துப் பாருங்கள். மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்ன மேடாகச் சுரப்பி இருக்கும். காலையில் அதில் துளி மினுங்கும், நாக்கில் வைத்தால் இனிக்கும். இலை முற்றினால் சுரப்பு நின்றுவிடும், பங்குனியோடு கொண்டாட்டம் முடிந்தது. ஒன்றை மறக்கக் கூடாது: இலைத் தேனோடு மகரந்தம் வராது. புழு வளர்வதற்கு மகரந்தம்தான் சத்து. பக்கத்தில் நாலு தென்னை நின்றால் அந்தக் கவலை பாதி தீரும்.

ஆடி மழையில் பெட்டியைத் திறந்தால் ஒரு ஈ கூட இல்லை. யாரும் மருந்து அடித்திருப்பார்களோ? (குலசேகரம்)

பக்கத்துத் தோட்டக்காரரைச் சந்தேகிக்கும் முன் அடையைப் பாருங்கள். செத்த ஈ குவிந்து கிடக்காமல், அடை மட்டும் காலியாக இருந்தால் அவை பட்டினியில் கிளம்பிப் போயிருக்கின்றன. இத்தாலியத் தேனீ பட்டினி கிடந்தாலும் பெரும்பாலும் கூட்டிலேயே கிடந்து சாகும். நம் ஊர்ப் பெட்டிகளில் வளர்க்கும் அடுக்குத் தேனீ ராணியோடு வேறு இடம் தேடிப் போய்விடும்.

முதல் வருடம் நானும் இதே தப்பைச் செய்தேன். பங்குனியில் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுத்தேன். ஆடிக்குள் மூன்று பெட்டியும் காலி. அடையில் மெழுகுப்பூச்சியின் நூலாம்படைதான் மிச்சம். அந்த வெறும் பெட்டிகளைப் பார்த்த வலி இன்னும் போகவில்லை. தேன் மனிதனுக்காகச் சேர்த்தது இல்லை, மழைக்காலச் சாப்பாடு அது.

சீனியும் தண்ணீரும் சம அளவு கலந்து, சிரட்டையில் ஊற்றி, நாலு குச்சியை மிதக்க விட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். குச்சி இல்லாவிட்டால் முங்கிச் சாகும். சாயங்காலம் மட்டும் வையுங்கள். பகலில் வைத்தால் வாசனை பிடித்து அடுத்த பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். வாரம் ஒருமுறை போதும். பெட்டிக் காலில் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணமும் வேண்டும்.

வாங்கிய தேன் சீனி போல உறைந்துவிட்டது. கலப்படமா? (களியக்காவிளை)

உறைந்ததை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. ரப்பர் தேனில் குளுக்கோஸ் அதிகம், சீக்கிரம் உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகும், அடுப்பில் காய்ச்ச வேண்டாம். உறைவதை விடப் புளிப்பதுதான் கவலை. தேனீ மெழுகு மூடி போடாத அடையில் பிழிந்தால் ஈரம் கூடுதலாக இருந்து நுரைத்துப் போகும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் வேண்டாம், நாக்கில் தொட்டு வைப்பது கூட.

ஒன்று கொட்டினால் உடனே பத்து வருவது ஏன்? (பாறசாலை)

கொடுக்கு தோலில் மாட்டும்போது ஒரு வாசனை கிளம்பும், ஏறக்குறைய வாழைப்பழ வாசனை. "இங்கே எதிரி" என்று மற்றவைக்கு அதுதான் தகவல். வாழைப்பழம் தின்ற கையோடு பெட்டி திறக்காதீர்கள். கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள். தாமதித்தால் விஷப்பை இன்னும் விஷத்தை இறக்கும். மூச்சு முட்டினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்கு.

ஆண் தேனீக்கு அப்பா கிடையாதாமே?

உண்மைதான். கருவுறாத முட்டையில் பிறப்பதுதான் ஆண். தாத்தா உண்டு, அம்மாவின் வழியில். கொடுக்கு கிடையாது, கையில் பிடிக்கலாம்.

புழு தலை தூக்கியபடி அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது. என்ன நோய்? (திற்பரப்பு)

செத்த புழுவை முள்ளால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த பை போல வந்தால் புழுவைக் கொல்லும் 'தாய் சாக்புரூட்' (Thai sacbrood) வைரஸாக இருக்கும். 1920-களிலிருந்து பெட்டித் தேனீ வளர்த்த மார்த்தாண்டம் வட்டாரத்தில், 1990-களின் தொடக்கத்தில் பெட்டி பெட்டியாகக் குடிகளை, அதாவது தேனீக் கூட்டங்களை, அழித்தது இதுதான். இதற்கு மருந்து இல்லை. அந்தப் பெட்டியில் அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், கத்தியையும் கையையும் கழுவாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். நோய்க்குத் தப்பிப் பிழைத்த குடியிலிருந்துதான் அடுத்த வருடம் குடி பிரிக்க வேண்டும்.