நாற்பது ஏக்கரும் கடைக்காரர் கணக்கும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1865-ல் அடிமை முறை ஒழிந்தது என்கிறீர்கள். ஆனால் விடுதலையானவர்கள் அதே பழைய எஜமானர்களின் பருத்திக் காட்டில்தானே வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழைத்தார்கள்? பெயரைத் தவிர வேறென்ன மாறியது? என் தாத்தாவும் கரிசலில் வாரத்துக்குப் பருத்தி போட்டவர். அதனால் கேட்கிறேன்.

ரா., கோவில்பட்டி

அன்புள்ள ரா.,

பெயர் மட்டும்தான் மாறியது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படிச் சொன்னால், அந்த மக்கள் மல்லுக்கட்டிப் பெற்றதும் கணக்கில் வராமல் போய்விடும்.

அவர்கள் முதலில் கேட்டது வாரம் அல்ல, நிலம். 1865 ஜனவரியில் சவானா நகரில் வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் இருபது கறுப்பின சமயத் தலைவர்களைச் சந்தித்தார். அவர்கள் சார்பில் பேசிய கேரிசன் ஃப்ரேசியர், தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர். எங்களுக்கு நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பிலேயே உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்காம் நாள் ஷெர்மனின் உத்தரவு வந்தது. தெற்குக் கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரையிலான கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சில மாதங்களில் சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிரும் வைத்துவிட்டார்கள்.

அந்த ஆண்டே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய உடைமையாளர்களுக்குத் திருப்பித் தரச் சொன்னார். அக்டோபரில் அந்தக் கடலோரத்து எடிஸ்டோ தீவுக்குப் போய் இதை அறிவிக்க வேண்டிய வேலை, விடுதலையானவர்களுக்கான அரசு அலுவலகத்தின் தலைவர் தளபதி ஹோவர்டுக்கு. பழையதை மன்னித்துவிடுங்கள் என்றார். தீவு மக்கள் அவருக்கு எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. போரில் உங்களுக்குப் போனது வலது கை மட்டும், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் அடித்தவனை நான் எப்படி மன்னிப்பேன் என்று கேட்கிறார்கள். அதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கொதிக்கிறது. போரில் தோற்றவர்களுக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்தது வென்ற அரசு.

நிலம் போன பிறகும் அவர்கள் பணிந்துவிடவில்லை. எஜமானர்கள் விரும்பியது பழையபடி கங்காணி வைத்துக் கும்பலாக வேலை வாங்குவதை. மிசிசிப்பி மாநிலம் அதற்குச் சட்டமே போட்டது. ஆண்டு ஒப்பந்தத்தை இடையில் விட்டுப் போனால் அதுவரை உழைத்த கூலியும் கிடையாது. ஆனால் ஆட்கள் கும்பல் வேலைக்கு மறுத்தார்கள். பெண்கள் பலர் காட்டு வேலையைக் குறைத்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தார்கள். நில உடைமையாளரிடம் கூலி கொடுக்கக் காசும் இல்லை. இந்த இழுபறியில் பிறந்ததுதான் வாரம்.

ஜார்ஜியாவின் பாரோ தோட்டத்துக்கு இரண்டு வரைபடங்கள் உண்டு. 1860-ல் குடிசைகள் எல்லாம் எஜமானர் வீட்டருகே, கண் பார்வைக்குள், நெருக்கிக் கிடக்கின்றன. 1881-ல் அவை தோட்டம் முழுக்கச் சிதறி, அவரவர் உழும் நிலத்தின் ஓரத்தில் நிற்கின்றன. ஒரு பள்ளிக்கூடமும் ஒரு தேவாலயமும் புதிதாக முளைத்திருக்கின்றன. எந்த நேரத்தில் எழுவது, யார் பிள்ளை எங்கே வளர்வது என்பதை இன்னொருவன் தீர்மானித்த காலம் போயிற்று. இது சின்ன மாற்றமா?

கழுத்தை நெரித்தது கடன். கையில் காசில்லாததால் சோளமாவும் உப்புக்கண்டமும் துணியும் கடையில் பற்று எழுதித்தான் வாங்க வேண்டும். அடமானம், இன்னும் விளையாத பயிர். ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. அந்த வித்தியாசத்தை வட்டியாகப் பார்த்தால் 1880-களின் ஜார்ஜியாவில் ஆண்டுக்கு 60 சதவீதம் அளவுக்கு வந்தது என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கணித்திருக்கிறார்கள். கடைக்காரர் பருத்தியைத்தான் போடச் சொல்வார், அதுதான் உடனே விலைபோகும். எல்லோரும் பருத்தி போட்டதில் விலை விழுந்தது. சாப்பாட்டுக்கான சோளத்தையும் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. ஏழை வெள்ளையர்களும் இதே பற்றுக் கணக்கில் நிலத்தை இழந்து வாரக்குடிகள் ஆனார்கள். உங்கள் தாத்தாவின் கதையோடு ஒப்பிட வேண்டுமானால் இந்த இடத்தில் ஒப்பிடுங்கள்.

இத்தனைக்கும் நடுவே, வெள்ளையர்கள் விற்க முன்வந்த துண்டு நிலங்களைக் கறுப்பின மக்கள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 1910 கணக்கெடுப்பில் சொந்த நிலம் வைத்திருந்த கறுப்பின விவசாயிகள் 2 லட்சத்துக்கும் மேல். விடுதலையான அன்று ஏறக்குறைய எல்லோருமே வெறுங்கையோடு நின்றவர்கள்.

அன்புடன்.