சின்ன எஸ்யூவியில் கொக்கி மாட்டி கார் இழுக்கலாமா? கேளுங்கள், சொல்கிறேன்

போன வாரம் ஒரு தம்பி தன் மாருதி பிரெஸ்ஸாவைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் டோ ஹிட்ச் (டிரெய்லரை மாட்டி இழுக்கும் கொக்கி) மாட்டித் தாருங்கள், ஒரு காரை டிரெய்லரில் ஏற்றி இழுக்க வேண்டும் என்றான். மாட்ட மாட்டேன் என்றேன். அவன் போய் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். அதிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. குமரி ஜில்லாவில் தக்கலைப் பக்கம் பட்டறை போட்டு சேசிஸ் வெல்டிங், டிராக்டர் டிரெய்லர், படகு டிரெய்லர் என்றே காலம் ஓடியவன் நான், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். மொத்தமாக உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று எல்லாக் கேள்விகளையும் சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்டவர் பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர் போட்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, அந்தத் தம்பி நான்தான். அப்பாவோட பழைய பிரீமியர் பத்மினி கார் ஷெட்டில் கிடக்கிறது. நாகர்கோவிலில் ஒரு டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், முப்பது கிலோமீட்டர்தான். ஏன் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டீர்களே?

அன்றைக்குக் கையில் வேலை இருந்தது மக்கா, கோவிக்காதே. இப்போது கணக்குப் போடுவோம். பத்மினி ஏறக்குறைய 900 கிலோ. அதை ஏற்ற இரண்டு ஆக்சில் வைத்த இரும்பு டிரெய்லர் என்றால், எவ்வளவு சிக்கனமாக அடித்தாலும் 500, 550 கிலோ வந்துவிடும். ஆக பின்னால் 1,450 கிலோ. உன் பிரெஸ்ஸா 1,150 கிலோ சுமார், நீயும் உன் கூட்டாளியும் ஏறினால் 1,300. இழுக்கிற வண்டியைவிட இழுபடுகிறது கனம். குருவி தலையில் பனங்காய்.

இழுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. முதல் கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டால் சமதளத்தில் கிளம்பிவிடும், நீயும் "பார்த்தீங்களா அண்ணாச்சி" என்பாய். எனக்குப் பயமே நிறுத்துவதில்தான். உன் வண்டியின் பிரேக், அந்த வண்டியும் அதில் ஏறுகிற ஆளும் சாமானும் சேர்ந்த எடைக்குச் செய்தது. அதோடு இன்னொரு 1,450 கிலோ, அதுவும் தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லர், தக்கலை ஏற்ற இறக்கத்தில் மழை நேரத்தில் பின்னாலிருந்து தள்ளும்போது என்ன ஆகும் என்று யோசி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் போடுவதில்லை. டிரெய்லர் ஒழுங்காகப் பின்னால் வர வேண்டுமானால் அதன் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் டிரெய்லர் வந்து உட்காரும் இரும்பு உருண்டையின் மேல் அழுத்த வேண்டும். 1,450-க்கு 145 கிலோ. அந்த உருண்டை இருப்பது பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால். பிரெஸ்ஸாவின் வீல்பேஸ் 2,500 மி.மீ. கடப்பாரையால் நெம்புகிற மாதிரி, பின்னால் 145 கிலோ அமுக்கும்போது முன் சக்கரத்தில் சுமார் 58 கிலோ குறைந்துபோகும். உன் வண்டி முன் சக்கரத்தால் ஓடுவது, ஸ்டியரிங்கும் அதில்தான், பிரேக்கில் பெரும்பங்கும் அதில்தான். அந்தச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஈரத் தாரில் ஏற்றம் ஏறினால் டயர் சுற்றும், வண்டி நிற்கும்.

வடசேரி: நான் பார்த்த ஹிட்சில் "1,500 கிலோ" என்று அடித்திருக்கிறதே?

அது இரும்பின் பலம். வண்டி செய்தவன் என்ன எடை சொல்கிறான், ஹிட்ச் என்ன, உருண்டை என்ன, டிரெய்லர் கப்ளிங் (உருண்டையைக் கவ்வும் வாய்) என்ன என்று நாலையும் பாருங்கள், அதில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு. நம் ஊரில் விற்கும் சின்ன எஸ்யூவிகள் பலவற்றின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை என்றே எழுதியிருக்கும். கிளவ் பாக்ஸில் பாலித்தீன் பிரிக்காமல் கிடக்குமே, அந்தப் புத்தகம்தான். ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.

குலசேகரம்: கார் எல்லாம் இழுக்கப் போவதில்லை. தோட்டத்தில் ரப்பர் ஷீட்டும் புல்வெட்டி மெஷினும் ஏற்ற ஒரு குட்டி டிரெய்லர், எல்லாம் சேர்த்து 350 கிலோ தாண்டாது. ஹிட்ச் மாட்டும் முறையைச் சொல்லுங்கள்.

கையேடு தடுக்கவில்லை என்றால் இது நியாயமான வேலை, சொல்கிறேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு வண்டிக்கு நானே மாட்டினேன். நல்ல தடிமன் பிளேட், 8.8 கிரேடு போல்ட், எல்லாம் சரி. மூன்று மாதத்தில் "கடகட" சத்தம் என்று திரும்பி வந்தது. அடியில் படுத்து டார்ச் அடித்தால், வட்டமாகத் துளைத்த ஓட்டை முட்டை வடிவத்தில் நீண்டிருக்கிறது, அதைச் சுற்றிப் பெயிண்ட் விரிந்து, அங்கிருந்து ஒரு பழுப்புத் துருக்கோடு கண்மை வழிந்த மாதிரி கீழே இறங்கியிருக்கிறது. என்ன நடந்தது என்றால், பூட் தரைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஓடுகிற ரெயில் உள்ளே காலியான பெட்டி. நான் போல்ட்டை முறுக்க முறுக்க அந்தப் பெட்டி நசுங்கியிருக்கிறது, நசுங்கினது மெல்லத் தளர்ந்திருக்கிறது, தளர்ந்த போல்ட் ஓட்டையைத் தின்றிருக்கிறது. உள்ளே ஒரு குழாய்த் துண்டை இறுக்கத்துக்குத் தாங்கலாக வைத்திருந்தால் இது வந்திருக்காது. பத்து ரூபாய் குழாய்.

ஆக, பக்கத்துக்கு ஒரு நீளப் பிளேட், குறைந்தது மூன்று போல்ட், ஒவ்வொன்றுக்கும் உள்ளே தாங்கு குழாய், மறுபக்கம் தடி வாஷருக்குப் பதில் பிளேட், நைலாக் நட் (தானாகக் கழலாத ரகம்). வண்டியில் ஏற்கெனவே கம்பெனி ஓட்டை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், புதிதாகத் துளைக்க வேண்டாம். துளைத்தே ஆக வேண்டும் என்றால் துளைத்த வாயில் துத்தநாக பிரைமர் அடித்துவிட்டு மாட்டுங்கள். நம் ஜில்லாவில் கடல் காற்றும் இரண்டு பருவமழையும் சேர்ந்து பச்சை இரும்பை விட்டுவைக்காது. முறுக்குவது டார்க் ரெஞ்சில் (முறுக்கின அளவு காட்டும் ஸ்பானர்), 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருதரம் திரும்ப.

பம்பருக்கு உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பியில் மட்டும் மாட்டுகிற ரகம் ஒன்று கடைகளில் தொங்கும். அது மோதினால் மடங்குவதற்கென்று வைத்த இடம், அதில் இழுவை போடக் கூடாது. வெல்டிங்கும் வேண்டாம். வெல்டிங்கே தொழிலாக இருக்கிற நான் சொல்கிறேன். இப்போதைய வண்டியின் ரெயில் உயர்பலத் தகடு, சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் போய்விடும்.

உருண்டை 50 மி.மீ. போடுங்கள், சுமையோடு நிற்கும்போது அதன் நடு தரையிலிருந்து 350 முதல் 420 மி.மீ.க்குள் இருக்கட்டும். உருண்டை மேல் விழும் எடையை அளக்க ஷீட் கடைத் தராசு போதும், டிரெய்லர் மூக்கை (உருண்டையில் மாட்டும் முன் முனை) அதே உயரத்தில் ஒரு கட்டை வைத்துத் தராசில் நிறுத்துங்கள், 35-லிருந்து 50 கிலோவுக்குள் காட்டினால் சரி. பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, மூக்குக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போட வேண்டும். கொக்கி கழன்றாலும் மூக்கு சங்கிலித் தொட்டிலில் விழும், ரோட்டில் குத்தாது.

கொட்டாரம்: டிரெய்லர் விளக்குக்கு வயரை டெயில் லாம்பிலிருந்தே எடுத்துவிடலாமா?

பழைய ஜீப்பில் எடுத்தோம். இப்போதைய வண்டியில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பல்பையும் எண்ணிக்கொண்டிருக்கும். 21 வாட் பல்பு கூடுதலாகத் தொங்கினால் இண்டிகேட்டர் தாறுமாறாக அடிக்கும், மோசமானால் மாட்யூலே போகும். ரிலே மாட்யூல் ஒன்று வாங்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனி வயர் இழுங்கள். ஏழு பின் சாக்கெட்டில் 1 இடது இண்டிகேட்டர், 4 வலது, 6 பிரேக், 3 எர்த். எர்த்தை டிரெய்லர் கொக்கி வழியாக வரட்டும் என்று விட்டுவிடுவார்கள், விளக்கு மினுக்மினுக்கென்று எரிவது அதனால்தான்.

டொராண்டோ (சொந்த ஊர் குளச்சல்): இங்கே ஹோண்டா சி.ஆர்.வி. வைத்திருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவன் தன் சிவிக்கை டிரெய்லரில் இழுத்துத் தரச் சொல்கிறான். இங்கே எல்லாருமே இழுக்கிறார்களே?

இழுக்கிறார்கள், எண்ணைப் பார்த்து இழுக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு அங்கே கொடுத்திருப்பது அதிகபட்சம் 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. அங்கே வாடகைக்குக் கிடைக்கும் கார் டிரெய்லர் காலியாகவே 1,000 கிலோ வரும். கார் ஏற்றும் முன்பே கணக்கு முடிந்துவிட்டது. ரேவ்-4 அட்வெஞ்சர் மாதிரி 3,500 பவுண்டு, அதாவது 1,590 கிலோ போட்டவற்றில்கூட அந்த டிரெய்லர் போக மிச்சம் 590 கிலோதான், சிவிக் அதில் அடங்காது. கூட்டாளியிடம் பிக்கப் வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

தக்கலை: அண்ணா, என் வீட்டுக்காரர் ஹிட்ச் மாட்டினால் போலீஸ் பிடிக்கும் என்கிறார், கடைக்காரர் பிடிக்காது என்கிறார். எது சரி?

இரண்டு பேரும் பாதி சரி தங்கச்சி. 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பாரைப் பற்றி, பின்னால் மாட்டும் ஹிட்சைப் பற்றி அல்ல. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கு முரணாகப் போகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதனால் மாட்டும் முன் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவிப்பது அதைவிட நல்லது. தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி கிளெய்மில் கை வைப்பார்கள்.

பெரிய விஷயம் டிரெய்லர். சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம், அதற்கும் பதிவு வேண்டும். பட்டறையில் அடித்து நம்பர் எழுதாமல் ரோட்டில் இறக்கினால் அது குற்றம். ஹிட்ச் உருண்டை நம்பர் பிளேட்டை மறைத்தாலும் வம்புதான், கழற்றி வைக்கிற ரகம் வாங்கச் சொல்லுங்கள்.

தோவாளை: குட்டி டிரெய்லரில் பூக்கூடை ஏற்றி ஆரல்வாய்மொழி வழியாகப் போகிறேன். ஆடி மாதத்தில் பின்னால் ஆட்டம் போடுகிறது.

காற்றாலை வைத்த இடத்தில் காற்று அடிக்காமல் இருக்குமா. கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும், பூக்கூடையோ உயரம், எடையும் இல்லை, பாய்மரம் மாதிரி நிற்கும். ஆட ஆரம்பித்ததும் பிரேக்கை மிதிக்காதீர்கள், இன்னும் கூடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள், தானாக அடங்கும். அப்புறம் ஓரம் நிறுத்திப் பாருங்கள், கனமான கூடை பின்பக்கம் போயிருக்கும். முன்னால் மாற்றிக் கட்டுங்கள். அந்த இடத்தில் 60-க்குப் பதில் 40-ல் போங்கள். 60-ல் வண்டிக்குள் இருக்கிற வேகச் சக்தி 40-ல் இருப்பதைப்போல் இரண்டேகால் மடங்கு.

முட்டம்: சின்ன ஃபைபர் வள்ளத்தை மணலிலிருந்து எஸ்யூவியில் இழுக்கலாமா?

மணலில் வேண்டாம், கிளட்ச் கருகும் வாடை ஊர் முழுக்க வரும். டிராக்டரால் கெட்டி ரோடு வரை கொண்டுவந்து, அங்கிருந்து உங்கள் எடைக் கணக்குக்குள் இருந்தால் இழுங்கள். உப்புத் தண்ணீரில் இறங்கின டிரெய்லரை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, பேரிங்குக்குப் புது கிரீஸ் வையுங்கள்.

கருங்கல்: எங்க மாமா பொலேரோவில் காரை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அப்போ அது மட்டும் எப்படி?

பொலேரோ தனி சேசிஸ், பின் சக்கர இழுவை, 1,600 கிலோ அளவில் சொந்த எடை. உருண்டையின் அழுத்தம் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே விழுகிறது. ஆகவே பிரெஸ்ஸாவோடு அதை ஒப்பிட வேண்டாம். ஆனாலும் மாமாவிடம் கேளுங்கள், டிரெய்லரில் பிரேக் இருக்கிறதா என்று. பிரேக் மிதித்ததும் டிரெய்லர் முன்னால் நகர்ந்து தன் மூக்கையே அழுத்தித் தனக்குப் பிரேக் போட்டுக்கொள்ளும் ஓவர்ரன் அமைப்பு உண்டு. அது இல்லாமல் கார் ஏற்றினால் எந்த வண்டியானாலும் நான் பின்னால் வர மாட்டேன்.

கயிறு கட்டி ஒரு வண்டியை இன்னொரு வண்டி இழுக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். ரிப்பேர் ஆன வண்டியைப் பக்கத்துப் பட்டறை வரை மட்டும். இடைவெளி 5 மீட்டருக்குள், வேகம் 25-க்குள், பின் வண்டியில் சாவி ஆன், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் பெடல் கல்லாகிவிடும், அதைப் பழகினவர் உட்கார வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியை இழுக்கிற சக்கரம் தரையில் உருள இழுக்கவே கூடாது, கியர்பாக்ஸ் போய்விடும்.

மார்த்தாண்டம் (அதே தம்பி): சரி அண்ணாச்சி, அப்போ பத்மினியை என்னதான் செய்ய?

பிளாட்பெட் ரிக்கவரி வண்டியைக் கூப்பிடு. டிரெய்லர் அடித்து, பதிவு பண்ணி, ஹிட்ச் மாட்டுகிற காசுக்கு எத்தனையோ தடவை கூப்பிடலாம், உனக்குத் தேவை போக ஒன்று, வர ஒன்று. வருமுன் நாலு டயருக்கும் காற்று அடி. ஷெட்டில் கிடந்த வண்டி, பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும், ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றிப் பார், சுற்றாததை மரச் சுத்தியலால் தட்டி இளக்கு. கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும், நியூட்ரலில் போட்டுவிட்டுக் கையால் ஆட்டி உறுதிப்படுத்து, அந்தத் தண்டு தேய்ந்திருந்தால் நியூட்ரல் மாதிரி காட்டி ஏமாற்றும். வின்ச் கொக்கியைப் பம்பரில் போட விடாதே, கையோடு வந்துவிடும், முன் கிராஸ் மெம்பரில் போடச் சொல். மேலே ஏற்றினதும் பட்டையைச் சக்கரத்தின் மேல் கட்டச் சொல். அப்புறம் டாஷ்போர்டில் அப்பா ஒட்டின படம் ஏதாவது இருந்தால் முதலிலேயே எடுத்து வை, டிங்கர் பட்டறையில் அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்.