வாசகர் கேள்வி – பதில்: 54 மி.லி. ஹீலியத்தில் 53 எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் ஆய்வகத்து வாயு வண்ணப்பிரிகைக் கருவியின் (கலவையை ஆவியாக்கிக் கூறுகளாகப் பிரிக்கும் கருவி) திரை, நுண்குழாயில் பாயும் ஹீலியம் நிமிடத்துக்கு 1 மி.லி. என்றும், மொத்த ஓட்டம் 54 மி.லி. என்றும் காட்டுகிறது. மீதி எங்கே போகிறது? ஸ்பிலிட் விகிதத்தைக் குறைத்து ஹீலியத்தை மிச்சப்படுத்தலாமா?
– முதுகலை வேதியியல் மாணவி

பதில்: இன்லெட்டுக்குள், அதாவது மாதிரி செலுத்தப்படும் சூடான வாயிலுக்குள், நுழையும் ஹீலியம் வெளியேற மூன்று வழிகள் உண்டு. உங்கள் எண்களைப் பார்த்தால் ஸ்பிலிட் விகிதம் 50:1 என்று தெரிகிறது. அதாவது 1 மி.லி. நுண்குழாய்க்குள்ளும், 50 மி.லி. ஸ்பிலிட் வென்ட் என்ற வெளியேற்றக் குழாய் வழியாகவும் போக, எஞ்சிய 3 மி.லி. செப்டத்தின் (ஊசி துளைத்துச் செல்லும் ரப்பர் மூடி) அடிப்புறத்தைத் தழுவிச் சென்று, சூடான செப்டத்திலிருந்து கிளம்பும் ஆவிகளைத் தனி வழியே வெளியேற்றுகிறது.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில்தான். 54-இல் மற்றவை கழிந்து மிஞ்சியதே நுண்குழாய்க்குப் போகிறது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அந்த 1 மி.லி.யைத் தீர்மானிப்பவை இன்லெட்டின் அழுத்தம், குழாயின் நீளம், உள்விட்டம், அடுப்பின் வெப்பநிலை, வாயுவின் பாகுநிலை ஆகியவையே. இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் உள்ளே வரும் மொத்த ஓட்டத்தையும் அழுத்தத்தையும் மட்டுமே அளந்து, வென்ட்டிலுள்ள வால்வைத் திறந்தும் மூடியும் அழுத்தத்தை நிலைநிறுத்துகின்றன. நுண்குழாய் ஓட்டம் என்று திரையில் தெரிவது, நீங்கள் பதிந்து வைத்த நீளத்தையும் விட்டத்தையும் கொண்டு கணக்கிட்ட எண். குழாயின் நுனியை வெட்டிவிட்டுப் புதிய நீளத்தைப் பதிய மறந்தால், அந்த எண் பிழையாகிவிடும்.

கசிவும் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. செப்டம் தேய்ந்து நிமிடத்துக்கு 10 மி.லி. கசிந்தால், வால்வு சற்றே மூடி அழுத்தத்தைக் காத்துவிடும். திரையில் எந்த எண்ணும் மாறாது, ஆனால் வென்ட்டில் 40 மி.லி.தான் வரும். ஆகவே திரையை மட்டும் நம்பாமல், சோப்புப் படல ஓட்டமானியை வென்ட்டில் பொருத்தி, படலம் 10 மி.லி. தூரம் ஏறும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். 50 மி.லி. ஓட்டமானால் 12 நொடி. 15 நொடி ஆனால் 10 மி.லி. வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. செப்டத்தையும், லைனரின் (இன்லெட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய்) ஓ-ரிங் என்ற அடைப்பு வளையத்தையும் முதலில் சோதியுங்கள்.

மாதிரியைச் செலுத்தும் வேளையில் விகிதத்தைக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன். சுமார் 1 மி.லி. கொள்ளளவுள்ள லைனரை 51 மி.லி. ஓட்டம் ஒரு நொடி சொச்சத்தில் துடைத்துவிடும். விகிதம் 5:1 ஆனால் 6 மி.லி. ஓட்டத்தில் அதற்குப் பத்து நொடி பிடிக்கும், அதற்குள் மாதிரியின் ஆவிப்பட்டை அகன்று, வரைபடத்தின் தொடக்கத்துச் சிகரங்கள் பரந்துவிடும். போதாக்குறைக்கு, மெல்லிய குழாய்க்குள் அளவுக்கு மீறிய மாதிரியும் இறங்கும். உங்கள் கருவியில் வாயுவை மிச்சப்படுத்தும் கேஸ் சேவர் வசதி இருந்தால், மாதிரி இறங்கி 2 அல்லது 3 நிமிடம் கழிந்தபின் வென்ட் ஓட்டத்தை 20 மி.லி.க்குக் குறைக்கும்படி அமையுங்கள். அப்போது மொத்தம் 24 மி.லி.தான் செலவாகும், மாதிரி பிரியும் விகிதமும் மாறாது.